மாண்ட்வி போகிறீர்களா? முதலில் ஓதம் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், ருக்மாவதி ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது மாண்ட்வி. ஆற்றங்கரையில் வைத்தே பெரிய மரக்கப்பல்களைக் கட்டுகிறார்கள். என் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் "மாண்ட்விக்காரன் எப்படிக் கட்டுறான்னு ஒரு தடவை பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஜனவரியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐந்து நாள் பயணத்தில் முதல் இரண்டு நாள் வீணாகப் போயிற்று. அறை வேறு ஊரில் பதிவாகியிருந்தது. அப்பாவின் அடையாள அட்டைக்கு நகல் மட்டும்தான் கையில் இருந்தது. ஆற்றங்கரைக்குப் போன நேரமும் தவறு. தமிழில் யாராவது முன்பே எழுதிவைத்திருந்தால் இந்த மூன்றுமே நடந்திருக்காது. அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். ஊரின் வரலாறு இங்கே இல்லை.

1. எந்த மாண்ட்வி என்று உறுதி செய்யுங்கள்

குஜராத்தில் சூரத் மாவட்டத்திலும் ஒரு மாண்ட்வி இருக்கிறது. வடோதராவின் பழைய நகரத்துக்குள் ஒரு மாண்ட்வி, மும்பையில் ஒரு மாண்ட்வி. நான் போனில் ஊர்ப்பெயரை அடித்து, முதலில் வந்ததைத் தட்டி, பணமும் கட்டிவிட்டேன். அது சூரத் மாவட்டத்து மாண்ட்வி. கப்பல் கட்டும் ஊரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலே இல்லாத இடம். பணம் திரும்ப வரவில்லை.

அறை, டாக்சி, பஸ் எதைப் பதிவு செய்தாலும் 'மாண்ட்வி, கட்ச்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தைத் திறந்து, பக்கத்தில் புஜ் நகரமும் தெற்கே கடலும் தெரிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

2. மாதத்தையும் திதியையும் சேர்த்துப் பாருங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் தாண்டினால் வெயில் சுடும், வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம். மழைக்காலத்தில் போனால் மீன்பிடிப் பக்கம் வெறிச்சோடியிருக்கும். நம் கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை முடியும் வரை. குஜராத்தில் அது ஆகஸ்ட் நடுப்பகுதி வரைகூட நீள்கிறது. நம் ஊர்த் தடைக்காலத்தை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

தீபாவளியை ஒட்டிய வாரத்திலும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் குஜராத்திக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அறை வாடகை இரண்டு மடங்காகும், கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. ஜனவரி 14 உத்தராயணப் பட்டத் திருவிழாவன்று கடைகள், வேலைகள் எல்லாம் நின்றுவிடும். அந்த நாளையும் மறுநாளையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. இதைத்தான் நான் கவனிக்கவே இல்லை. தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்ச் வளைகுடாவில் கடல் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. மாண்ட்வியில் ஓதம் வற்றினால் ஆறு சேறாகக் கிடக்கும். படகுகள் எல்லாம் சாய்ந்து படுத்திருக்கும். ஏறினால் அதே இடத்தில் தண்ணீர் நிரம்பிப் படகுகள் நிமிர்ந்துவிடும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் நாளுக்கு ஐம்பது நிமிடம் போல நேரம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஏற்றம் மிக அதிகம். கட்டி முடித்த கப்பலை ஆற்றில் இறக்குவதும் அப்படிப்பட்ட பெரிய ஏற்றத்தில்தான். போனில் ஓத அட்டவணைச் செயலி ஒன்றை இறக்கி, மாண்ட்வி என்று போட்டு, நீங்கள் இருக்கப்போகும் நாட்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணத்தை அமாவாசையோ பௌர்ணமியோ வரும் வாரத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

3. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு மாண்ட்வி வர எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் கட்ச் எல்லை மாவட்டம். விடுதியில் அடையாள அட்டையைக் கண்டிப்பாகக் கேட்பார்கள், அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கேட்பார்கள். என் ஆதார் மட்டும் போதும் என்று நினைத்தேன். அப்பாவுடையது பழைய, மங்கிய நகல். வரவேற்பில் இருந்தவர் ஏற்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, அசல் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையும் அவர்கள் மேலாளரிடம் கேட்டு ஒப்புக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது.

ஆகவே:

• ஒவ்வொருவருக்கும் அசல் ஆதார், அல்லது வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று.
• ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல்.
• ஆதாரை டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியிலும் ஏற்றிவையுங்கள். பெரியவர்களின் போனில் மட்டும் ஏற்றினால் போதாது, அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு: வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சின்ன விடுதிகள் அந்த வேலைக்கு அஞ்சி இடம் இல்லை என்று சொல்லிவிடும். பதிவு செய்யும் முன்பே போன் போட்டு, வெளிநாட்டு பாஸ்போர்ட் என்று சொல்லிக் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்களைக் கையில் வைத்திருங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லையோர மாவட்டம், கடலோரம் வேறு, பறக்கவிட்டால் விசாரணையில் போய் நிற்கும். குஜராத்தில் மதுவிலக்கு இருக்கிறது. பையில் ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது.

4. போய்ச் சேருவது

மாண்ட்விக்கு ரயில் கிடையாது. புஜ் வரை வந்து, அங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போக வேண்டும். காந்திதாமில் இறங்கினால் நூறு கிலோமீட்டர் போல வரும்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு ஹம்சஃபர் ரயில், நாகர்கோவிலிலிருந்து இன்னொரு ரயில். கொங்கண் பாதையில் போகிற இவை இரண்டுமே வாரத்துக்கு ஒருமுறைதான். அதனால் கிழமையை முதலில் பார்த்து, அதற்கேற்ப விடுப்பு எடுங்கள். நாங்கள் திருநெல்வேலியில் ஏறினோம், வண்டியில் இரண்டு இரவு. சென்னையிலிருந்து என்றால் நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போய், அங்கிருந்து புஜ்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. வாரம் ஒருமுறை ஓடும் வண்டி என்பதால் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். தத்காலை நம்பினால், 2025 ஜூலை முதல் ஆன்லைனில் அதற்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். மூத்த குடிமக்கள் சலுகை 2020-லிருந்தே இல்லை, முழுக் கட்டணம் என்று கணக்குப் போடுங்கள்.

அகமதாபாத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து புஜ் போகும் நமோ பாரத் ரயில் முன்பதிவு இல்லாமல் ஏறக்கூடியது, வசதியானது. ஆனால் மாலையில் கிளம்பி இரவு பதினொரு மணி வாக்கில்தான் புஜ் சேரும். அந்த நேரத்தில் மாண்ட்விக்குப் பஸ் இருக்காது. அந்த வண்டியில் வந்தால் புஜ்ஜில் ஒரு இரவு தங்குவதாகவே திட்டம் போடுங்கள். விமானத்தில் வருபவர்கள், புஜ் விமான நிலையம் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். படம் எடுக்காதீர்கள், ஜன்னல் திரையை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள்.

புஜ் பஸ் நிலையத்தில் பலகை எல்லாம் குஜராத்தியில் இருக்கும். எண்கள்கூடச் சில வண்டிகளில் குஜராத்தி எண்கள்தான். ஊர்ப்பெயரைக் குஜராத்தி எழுத்தில் போனில் சேமித்து, அதைப் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் "மாண்ட்வி?" என்று கேட்டாலே போதும், கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அரசு பஸ் ஒன்றரை மணி நேரம். பங்கு ஜீப்பும் வேனும் ஆள் நிரம்பினால் கிளம்பும், கொஞ்சம் வேகமாகப் போகும். முதுகுவலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

5. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்

புஜ்ஜில் தங்கி மாண்ட்வியை ஒரு பகலில் பார்த்துத் திரும்பலாம் என்று எல்லா டாக்சிக்காரர்களும் சொல்வார்கள். கேட்காதீர்கள். அரண்மனை, கடற்கரை, சாப்பாடு என்று சுற்றிவிட்டு, ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தி "அதோ கப்பல்" என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்களும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தோம். நடுப்பகல், ஓதம் வற்றிக் கிடந்தது, ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.

ஊருக்குள் பஸ் நிலையம் பக்கம் அறை எடுத்தால் ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம். கடற்கரை விடுதிகளும் கூடாரங்களும் பார்க்க அழகு. ஆனால் விலை பல மடங்கு, காலையில் ஆற்றுக்கு வர ஆட்டோ தேட வேண்டும். கப்பலுக்காக வருகிறவர்களுக்கு ஊருக்குள் தங்குவதுதான் சரி.

ஸ்வெட்டர் கட்டாயம். ஜனவரி இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், காற்றும் அடிக்கும். சின்ன விடுதிகளில் சுடுதண்ணீர் காலையில் சில மணி நேரம் மட்டும் வரும். அறை எடுக்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கப்பல் கட்டும் கரையில்

இதற்கு டிக்கெட் இல்லை, வாசல் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. ஆற்றங்கரை முழுக்கத் தனித்தனி ஆட்களின் வேலையிடம். அதனால்தான் எப்படி நுழைவது என்று தெரியாமல் பலர் பாலத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் போங்கள். கட்ச் இந்தியாவின் மேற்குக் கோடி என்பதால் ஜனவரியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். நம் ஊர் நினைப்பில் ஆறரைக்கு எழுந்து போனால் இருட்டில் நிற்பீர்கள். ஒன்பதுக்கு, மரம் செதுக்கும் வாய்ச்சியின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். நடுப்பகல் இடைவேளையில் போகாதீர்கள்.

உள்ளே போகும் முன் அங்கே இருக்கும் மூத்த மிஸ்திரியை, அதாவது தலைமைத் தச்சரைப் பார்த்துக் கேளுங்கள். "காகா, தேக் சக்தே ஹைன்?" என்ற அரைகுறை இந்தி போதும். காகா என்றால் சித்தப்பா முறை, மரியாதையான அழைப்பு. எங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்களைப் படம் எடுக்கும் முன் தனியாகக் கேளுங்கள். சிலர் கேட்காமலேயே சுற்றிக்காட்டிவிட்டுப் பணம் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்தார், நூறு ரூபாய் கொடுத்தேன். அதைவிட, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பது நல்லது, பேச்சும் வளரும்.

காலில் கட்டாயம் ஷூ. தரையெல்லாம் மரச்சீவலும் துருப்பிடித்த ஆணியும். கைமுழம் நீள ஆணிகள்கூடக் கிடக்கும். ஏணியிலும் சாரத்திலும் அவர்கள் கூப்பிடாமல் ஏறாதீர்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள்.

பார்க்க வேண்டியவற்றை அப்பா சொல்லக் கேட்டு எழுதுகிறேன். கப்பலை இங்கே வஹாண் என்கிறார்கள். முதலில் ஏராக்கட்டை (கப்பலின் அடி முதுகெலும்பு மரம்) கிடக்கும் கப்பலுக்குப் போங்கள், அப்புறம் வங்கு (விலா எலும்புபோல் நிற்கும் வளைமரம்) ஏற்றிய கப்பல், கடைசியில் பலகை முழுக்க அடித்து முடித்தது. ஒரே கரையில் மூன்று நிலையிலும் கப்பல் நிற்கும், இந்த வரிசையில் பார்த்தால் எப்படி எழும்புகிறது என்று புரிந்துவிடும். வங்குக்குக் கருவேல மரத்தின் இயல்பான வளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; வளைத்துச் செய்த மரத்தைவிட அது வலு. பலகைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சால் மரம். ஒரு கப்பலுக்கு இரண்டு வருடம் வரை ஆகும் என்றார்கள். கட்டி முடித்த சில கப்பல்கள் இழுத்துச் செல்லப்பட்டு, துபாயில் இன்ஜின் வைத்துக்கொள்கின்றன.

மூன்றாம் நாள் ஒரு வஹாணின் அடியில் கலப்பத்து நடந்துகொண்டிருந்தது. இரண்டு பலகைக்கு நடுவே பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் உள்ளே இறுக்குகிற வேலை. அப்பா குனிந்து, பாதி இறங்கியிருந்த திரியை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தார். வேலை செய்துகொண்டிருந்தவர் ஒன்றும் பேசாமல் உளியையும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலையும் அவர் கையில் கொடுத்தார். அப்பா மூன்று அடி அடித்தார். முதல் இரண்டும் மந்தமாக விழுந்தன, மூன்றாவது அடி மரத்திலேயே பட்டதுபோல் கணீரென்று கேட்டது. "பராபர்" (சரியாக இருக்கிறது) என்றார் அந்த மனிதர். பஞ்சு இறுகினால் சத்தம் மாறும் என்று அப்பா எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டது அன்றுதான். அதன் பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கு இந்தி தெரியாது, இன்னொருவருக்குத் தமிழ் தெரியாது.

ஓதம் ஏறும் நேரத்தில் மறுபடி ஒருமுறை கரைக்கு வாருங்கள். தண்ணீர் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு டீ குடித்து முடிக்கும் முன் சேற்றில் கிடந்த கயிறு மிதக்கத் தொடங்கிவிடும்.

7. மீனும் சாப்பாடும்

மீன் இறங்குவதைப் பார்க்க ஓதத்தின் நேரத்தையே பின்பற்ற வேண்டும், தண்ணீர் இருந்தால்தான் படகு ஆற்றுக்குள் வரும். முந்தின நாள் மாலை கரையில் யாரிடமாவது கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடி ஊர் என்பதால் மீன் குழம்பு கிடைக்கும் என்று நினைத்து வராதீர்கள். உணவகங்கள் பெரும்பாலும் சைவம். குஜராத்தித் தாலி நிறைவாக இருக்கும். பருப்பிலும் காயிலும் வெல்லம் இனிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அல்லது பஜ்ரா (கம்பு) ரொட்டி, கத்தரிக்காய், மோர் என்று கேட்டு வாங்குங்கள். தாபேலி இந்த ஊர்ப் பண்டம். பன்னுக்குள் மசாலா உருளைக்கிழங்கு, வறுத்த கடலை, மாதுளை முத்து, புளிச் சட்னி, பூண்டுச் சட்னி. மாலை நாலு மணிக்கு மேல் கூட்டம் நிற்கும் வண்டியில் சாப்பிடுங்கள்.

8. மீதி நேரத்துக்கு

விஜய விலாஸ் அரண்மனை ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் உண்டு, காமிராவுக்குத் தனி. மாண்ட்வியில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் ஷியாம்ஜி கிருஷ்ண வர்மாவின் நினைவிடமான கிராந்தி தீர்த்தம் பக்கத்தில். லண்டனில் இந்திய மாணவர்களுக்காக அவர் நடத்திய இந்தியா ஹவுஸைப் போலவே ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஆட்டோ போதும். கடற்கரையில் ஒட்டகச் சவாரி, பாராசூட் சவாரி எதற்கும் ஏறும் முன்பே மொத்தத் தொகையைப் பேசிவிடுங்கள், ஆளுக்கா குடும்பத்துக்கா என்பதையும் சேர்த்து.

வெள்ளை ரண் என்ற உப்புப் பாலைவனத்தைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அதைப் பார்க்கப் போகும் தோர்டோ கிராமம் புஜ்ஜுக்கு வடக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல், மாண்ட்வியோ தெற்கே. அனுமதிச் சீட்டு கட்டாயம். ஆன்லைனில் எடுக்கலாம், அல்லது வழியில் பிரண்டியாராவில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். நாங்கள் போனபோது ஆளுக்கு 100 ரூபாய், காருக்குத் தனி. டிசம்பருக்கு முன் போனால் தரை காயாமல் சேறாக இருக்கும்.

9. எவ்வளவு ஆகும்

ரயில் கட்டணம் தவிர, எங்கள் இருவருக்கும் ஆன செலவு இது. அறை ஒரு இரவுக்கு 1,400. தாலி ஆளுக்கு 200 வாக்கில். புஜ்–மாண்ட்வி பஸ் ஆளுக்கு நூறுக்குள். அரை நாள் ஆட்டோ 600. தோர்டோவுக்கு புஜ்ஜிலிருந்து கார் 3,500. தாபேலிக்கும் டீக்கும் நாளுக்கு நூறு. வீணாகப் போன சூரத் மாவட்டத்து அறைக்கு 1,850. கடைகளில் யுபிஐ எல்லா இடத்திலும் எடுக்கிறார்கள்; ஆற்றங்கரை டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் சில்லறையாக ஆயிரம் ரூபாய் வைத்திருங்கள்.

10. திரும்பும் நாள்

புஜ்ஜிலோ காந்திதாமிலோ ரயில் பிடிக்க வேண்டிய நாளில் மாண்ட்வியிலிருந்து நாலு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். காந்திதாம் சாலையில் துறைமுக லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது ஏழு நாள் கழித்துத்தான். முந்தின இரவே காந்திதாம் வந்து தங்கினால் இன்னும் நிம்மதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அப்பா மட்டும், கிளம்பும் முன் ஒருமுறை ஆற்றுப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று காலையில் தனியாக நடந்து போனார்; வரும்போது சட்டைப் பையில் ஒரு துண்டு சால் மரச்சீவல் இருந்தது.